குறைகலோரி நாளில் அலுவலகத்துக்கு எதைக் கொண்டுபோவது? ஃபிளாஸ்க், கண்ணாடி டப்பா, தராசு: ஒரு மதிப்பீடு

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மிகக் குறைவாகச் சாப்பிடும் 5:2 முறையின் குறைகலோரி நாளுக்கென்று எதையாவது வாங்குவதானால் 500 மி.லி. அளவுள்ள, வாய் அகன்ற வேக்குவம் சாப்பாட்டு ஃபிளாஸ்க் ஒன்றும், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் போதும். அலுவலகத்தில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருந்தால் ஒரு கண்ணாடி டப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 'டயட் பாக்ஸ்' என்ற பெயரில் விற்கும் பல அறை டப்பாக்களையும், கப்பில் வெந்நீர் ஊற்றிக் கலக்கும் சூப்புகளையும் தாராளமாகத் தவிர்க்கலாம். காரணங்கள் கீழே.

முதலில் இது யாருக்கு என்று தெளிவாகிவிடட்டும். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் (இடைவெளி விட்டு விரதம்) என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைகள் உண்டு; இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் 16:8 முறைக்கு இந்தச் சாமான் எதுவும் தேவையில்லை. வழக்கமான சாப்பாட்டை வழக்கமான டிஃபன் பாக்ஸில் கொண்டுபோனால் சரி. சிக்கல் 5:2 முறையில்தான். வாரத்தில் ஐந்து நாள் இயல்பான சாப்பாடு, இரண்டு நாள் மட்டும் பெண்களுக்கு 500, ஆண்களுக்கு 600 கலோரி. பிரிட்டிஷ் மருத்துவச் செய்தியாளர் மைக்கேல் மோஸ்லி 2012-இல் பிபிசி வழியாகப் பிரபலமாக்கிய கணக்கு இது. பின்னாளில் அவரே வரம்பை 800 ஆகத் தளர்த்தினார்.

இந்த முறை தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதைவிட மாயமாக எதையும் செய்துவிடுவதில்லை. மிஷெல் ஹார்வி குழுவினர் 107 பெண்களிடம் ஆறு மாதம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில் வாரத்தில் இரண்டு நாள் குறைத்தவர்களும் தினமும் குறைத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் எடை குறைந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குறைத்துச் சாப்பிடும் முறையை 100 பேரிடம் ஓராண்டு சோதித்து 2017-இல் வெளியான ஆய்விலோ, அந்தக் குழுவில் 38 விழுக்காட்டினர் பாதியிலேயே கழன்றுகொண்டார்கள். ஆக, எந்த முறை என்பதைவிட அந்த நாளைக் கடைசிவரை ஓட்ட முடிகிறதா என்பதே கேள்வி. அலுவலகத்தில் அது உடைகிற நேரம் பெரும்பாலும் பிற்பகல் நான்கு மணி. அந்த நான்கு மணியைத் தாண்டவைக்கிறதா என்பதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு பொருளையும் பார்க்கிறோம்.

ஃபிளாஸ்க்

200 கலோரி என்பது எவ்வளவு சாப்பாடு? எண்ணெயாக எடுத்தால் 23 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன். பாதாமாக எடுத்தால் முப்பதுக்கும் குறைவு, ஒரு கைப்பிடிதான். வெந்த சோறாக எடுத்தால் 150 கிராம். காய்கறி அதிகமாகவும் பருப்பு அளவாகவும் போட்ட சூப்பாக எடுத்தால் 400 கிராமுக்கு மேல் கிடைக்கும். தண்ணீர் அதே அளவுதானே, தனியாகக் குடித்துவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1999-இல் சரியாக இதைத்தான் சோதித்தார்கள். சாப்பாட்டோடு தண்ணீரைத் தனியாகக் குடித்தவர்களின் அடுத்த வேளைப் பசி குறையவில்லை. அதே தண்ணீரை உணவுக்குள்ளேயே சேர்த்து சூப்பாகக் கொடுத்தபோது அடுத்த வேளைச் சாப்பாடு குறைந்தது.

ஃபிளாஸ்க் இங்கே வெல்வது இதனால்தான். ஆனால் அளவு தப்பினால் எல்லாம் வீண். குறைந்த சாப்பாடுதானே என்று பலர் 300 மி.லி. வாங்குகிறார்கள். சிறிய பாத்திரத்தில் உள்ளிருக்கும் உணவைவிடச் சுவரின் பரப்பு விகிதத்தில் அதிகம், சீக்கிரம் ஆறிவிடும். 400 கிராம் சூப்பும் கொள்ளாது. 750 மி.லி. வாங்கினால் பாதி காலியாகக் கிடக்கும், மேலே நிற்கும் காற்று உணவின் சூட்டை வாங்கிக்கொள்ளும். 500 மி.லி.தான் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது: 450 முதல் 475 கிராம் சூப், விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் இடம், மூடி.

வாய் கரண்டி நுழைந்து அடிவரை துழாவும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாய் சூட்டை இன்னும் நன்றாகக் காக்கும் என்பது உண்மை. சுவருக்குள் வேக்குவம் (காற்று நீக்கிய இடைவெளி) இருப்பதால் சூடு பெரும்பாலும் மூடி வழியாகத்தான் தப்புகிறது. ஆனால் குறுகிய வாயில் கேரட் துண்டு மாட்டிக்கொள்ளும், அடியில் தங்கிய பருப்பு வெளியே வராது. எனவே அகன்ற வாயையே எடுத்துவிட்டு மூடியைக் கவனியுங்கள். மூடி உள்ளே நுரை நிரப்பித் தடிமனாக இருக்க வேண்டும். கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் கழித்து மேல்புறத்தைத் தொட்டால் நன்றாகச் சுடுகிறது என்றால் மூடி மட்டம். உடலின் வெளிச்சுவரே சுட்டால் வேக்குவமே போய்விட்டது; அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றித்தான் வாங்க வேண்டும். கீழே விழுந்து அடிப்பகுதி நசுங்கியவற்றில் இது அடிக்கடி நடக்கிறது.

பெட்டியில் '12 மணி நேரம் சூடு' என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை டிகிரியைச் சூடு என்கிறார்கள் என்று அதில் இருக்காது. சோஜிருஷி, டைகர் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் அறைவெப்பம் 20 டிகிரியில், 95 டிகிரி வெந்நீரில் தொடங்கி, 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி மிஞ்சுகிறது என்று குறிப்பிடுகின்றன. ஒப்பிட்டு வாங்க உதவுகிற எண் அதுதான். வீட்டிலும் சோதிக்கலாம்: கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீர் நிரப்பி, ஐந்தரை மணி நேரம் கழித்து உணவுத் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். காலை 7:30-க்கு அடைத்து மதியம் 1 மணிக்குத் திறக்கிறவருக்கு அந்த இடைவெளிதான் முக்கியம். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் தேறியது. அதற்குக் கீழே போகும் ஃபிளாஸ்க்கில் பருப்பும் இறைச்சியும் வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்ற கிருமிகளின் ஸ்போர்கள் (சூட்டைத் தாங்கும் விதை போன்ற வடிவங்கள்) சமைக்கும்போது சாவதில்லை. உணவு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்துக்காகவே காத்திருக்கின்றன.

வெறும் நீரில் தேறிய ஃபிளாஸ்க்கும் உணவில் தோற்பதற்குப் பெரும்பாலும் அடைக்கும் விதம்தான் காரணம். முதலில் கொதிநீர் ஊற்றி ஃபிளாஸ்க்கை முன்சூடு செய்யாமல் அடைப்பது ஒன்று. ஃபிரிட்ஜில் இருந்த நேற்றைய சூப்பை மைக்ரோவேவில் 'சாப்பிடும் சூட்டுக்கு' கொண்டுவந்து ஊற்றுவது இன்னொன்று. அதன் ஓரம் கொதித்திருக்கும், நடுவில் 50 டிகிரிகூட இருக்காது. அடுப்பில் வைத்து, கிளறி, முழுவதும் தளதளவென்று கொதித்த பிறகே ஊற்ற வேண்டும்.

இனி, ஐந்து மணி நேரம் சூட்டிலேயே கிடந்தால் என்னென்ன கெடும் என்பது. இதைப் பெட்டிக்குள் இருக்கும் செய்முறைத் தாள் சொல்வதே இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றும் நேரம் ஆக ஆகக் கந்தக நாற்றம் விடும். மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விடுவார். பச்சைக் காய்களும் கீரையும் பழுப்புக் கலந்த பச்சையாகிவிடும். தக்காளியின் புளிப்பு அதைத் துரிதப்படுத்தும். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது. அவித்த முட்டையைச் சூட்டில் போட்டு வைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல்பச்சை வளையம் கட்டும். நூடுல்ஸ் கூழாகும். பருப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகும், அதனால் காலையில் வேண்டியதைவிடச் சற்று நீர்க்க இருக்கும்படி அடையுங்கள். தயிர், பால் எதையும் கலந்து அடைக்கவே கூடாது. ஃபிளாஸ்க்குக்கு ஏற்றவை தக்காளி, கேரட், பீன்ஸ், காளான், வெங்காயம், மசூர் பருப்பு, கோழி நெஞ்சுக்கறி.

அளவு தப்பாத ஒரு சூப், இரண்டு நாளுக்கு: மசூர் பருப்பு 80 கிராம், தக்காளி 300, கேரட் 100, வெங்காயம் 80, எண்ணெய் 4 கிராம், தண்ணீர் 700 மி.லி. பூண்டு, மிளகு, சீரகம் விருப்பம்போல. எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, மீதி எல்லாவற்றையும் போட்டுப் பருப்பு கரையும்வரை மூடாமல் வேகவிடவும். மொத்தம் ஏறத்தாழ 450 கலோரி. பங்குக்கு 225 கலோரி, புரதம் 11 கிராமுக்குச் சற்று மேல். இரண்டாம் பங்கை உடனே ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு இரவு முழுக்க அடுப்படியில் விட்டால் மேலே சொன்ன கிருமிகளுக்குத்தான் விருந்து.

புரதம் இன்னும் வேண்டுமென்றால் எண்ணெயே இல்லாமல்: பச்சை எடையில் கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், காளான் 100, தக்காளி 100, பீன்ஸ் 80, கேரட் 50, தண்ணீர் 250 மி.லி. இது 205 கலோரிதான், புரதமோ 25 கிராமுக்கு மேல். கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் சீராக வேகும், அடைக்கும்போது எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும். பிற்பகல் பசியைத் தாங்கும் திறனில் பருப்பு சூப்பைவிட இது ஒரு படி மேல்.

கண்ணாடி டப்பா

ஃபிளாஸ்க்கில் வைக்க முடியாத காய்களுக்கு இது. 800 மி.லி.க்குக் குறையாமல் வாங்குங்கள். 150 கிராம் முட்டைக்கோஸ் சீவினால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று நறுக்கியவர்களுக்குத் தெரியும். சோடா-லைம் கண்ணாடி சூட்டில் விரிவது போரோசிலிகேட்டைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே ஃப்ரீசரிலிருந்து நேரே மைக்ரோவேவுக்குப் போகும் டப்பா என்றால் போரோசிலிகேட் என்று குறிப்பிட்டதாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஃபிரிட்ஜில் மட்டும் வைப்பவருக்கு எதுவானாலும் சரி. முதலில் போவது கண்ணாடி அல்ல, நான்கு பக்கமும் மடக்கிப் பூட்டும் மூடியின் காதுகள்தான். சூடாக்கும்போது காதுகளைப் பூட்டாமல் மூடியைச் சும்மா மேலே வைத்தால் நாள்பட உழைக்கும், நீராவி போகவும் வழி இருக்கும்.

இதில் வைக்க நல்ல சேர்க்கை: காளான் 200 கிராம், பீன்ஸ் 100, ஒரு முழு முட்டை, இரண்டு முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய் 3 கிராம். சுமார் 210 கலோரி, புரதம் 20 கிராம் அளவில். காளானை எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் போட்டு, அது விடும் தண்ணீர் முழுதும் வற்றிய பிறகே எண்ணெயை விட வேண்டும். முதலிலேயே விட்டால் காளான் குடித்துவிட்டு 'இன்னும்' என்று கேட்கும். கை தானாக எண்ணெய் பாட்டிலுக்குப் போகும், கணக்கு அங்கேயே உடையும். முட்டையைப் பொரித்து உதிர்த்தே வைக்கவும். அவித்த முழு முட்டையை மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துக் கடிக்கும்போதும் வெடிக்கும்.

ஃபிரிட்ஜ் இல்லாத அலுவலகம் என்றால் இந்த டப்பா வேண்டாம். சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அது இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடும்.

தராசு

மூன்றிலும் அதிகம் பயன்படுவது இதுதான், அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். 5 கிலோ வரை தாங்குவதும், ஒரு கிராம் வரை காட்டுவதும், காலிப் பாத்திரத்தின் எடையைக் கழிக்க 'டேர்' பொத்தான் உள்ளதும் போதும். ப்ளூடூத், ஆப் இணைப்பு எல்லாம் வெறும் அலங்காரம்.

ஒரு நுணுக்கம். பல மலிவுத் தராசுகளில் பூஜ்யத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. பூஜ்யம் காட்டும் நிலையில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்தச் சிறு ஏற்றத்தைத் தராசு பிழை என்று எண்ணி விழுங்கிவிடும். நான்கு கிராம் ஊற்றியும் 0 அல்லது 1 என்றே காட்டும். எண்ணெயின் ஒவ்வொரு கிராமும் 9 கலோரி. இதற்கு எளிய வழி, எண்ணெய் பாட்டிலையே தராசில் வைத்து டேர் அழுத்தி, எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வைப்பது. மைனஸ் 4 என்று காட்டினால் சட்டியில் 4 கிராம் போயிருக்கிறது. கரண்டியை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். அளவுக்கரண்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் 4.5 கிராம், 40 கலோரி. கண் அளவில் பாட்டிலைக் கவிழ்ப்பவரின் 'ஒரு ஸ்பூன்' எளிதாக 12 கிராமைத் தொடும். ஒரு நாளின் 500-இல் நூறுக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது.

அடுத்து, பாத்திரங்களின் காலி எடையை ஒருமுறை அளந்து எழுதி ஒட்டிவிடுங்கள். சட்டி 842 கிராம், வெந்த சூப்போடு 1,790 என்றால் சூப் 948 கிராம். அது 450 கலோரி என்றால் 474 கிராம் ஒரு பங்கு. தண்ணீர் எவ்வளவு வற்றியது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையே இல்லை. சமைக்கும்போது நடுவில் தராசு தானே அணைந்து டேர் போய்விடுகிற தொல்லையும் இதனால் தீரும். 'மி.லி.' என்று காட்டும் முறை தண்ணீருக்குத்தான் சரி. எண்ணெய் நீரைவிட லேசு என்பதால் எப்போதும் கிராமிலேயே அளக்கவும். துணி விரித்த மேசையிலோ அசையும் பலகையிலோ வைத்த தராசு சரியாகக் காட்டாது.

கலோரி கணக்கிடும் ஆப்களைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பச்சை எடையா, வெந்த எடையா? காய்ந்த மசூர் பருப்பு 100 கிராமுக்கு 350 கலோரிக்கு மேல், வெந்தது 116. காய்ந்த 40 கிராமை எடைபோட்டுவிட்டு ஆப்பில் 'வெந்த பருப்பு' என்று தட்டினால் 143-க்குப் பதில் 46 என்று காட்டும். கோழிக்கறியில் தலைகீழ்: பச்சையில் 120, வெந்து தண்ணீர் வடிந்தபின் 165. பச்சையாக எடைபோட்டால் பச்சைக்கான பதிவையே எடுங்கள். பயனர்களே சேர்த்த பதிவுகளில் ஒரே பொருளுக்கு நான்கு எண்கள் இருக்கும். அதில் நமக்குச் சாதகமானதைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு.

வேண்டாதவை

பல அறை டயட் டப்பா: அறைகள் சிறியவை, குறைகலோரி உணவோ இடம் அடைப்பது. சாலட்டுக்கு ஒதுக்கிய அறையில் 80 கிராம் இலைக்கு மேல் நுழையாது. ஆனால் 'நட்ஸ்' அறையில் 30 பாதாம் சுலபமாக உட்காரும். அந்த ஒரு அறையே ஒரு வேளைக் கணக்கு. அறைகளுக்கிடையே நீர் கசிவது தனிக் கதை. உப்புப் பட்ட வெள்ளரி விடும் தண்ணீர் மதியத்துக்குள் எல்லா அறைக்கும் போய்ச் சேரும்.

கப் சூப்: கலோரி குறைவுதான், புரதமும் குறைவு, உப்பு தாராளம். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. லேபிளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரியில் ஒரு பாக்கெட்டை இரண்டு பரிமாறலாக எண்ணியிருக்கிறார்களா என்பதையும். மாலை ஐந்து மணிக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்கிற அவசரத்துக்கு இழுப்பறையில் ஒன்று கிடக்கலாம், மதியச் சாப்பாடாக ஆகாது.

இழுப்பறை என்றதும் தேநீர். 50 மி.லி. கொழுப்பு நீக்காத பாலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த ஒரு கோப்பை 45 கலோரிக்குச் சற்று மேல். அலுவலகத்தில் மூன்று கோப்பை என்றால் 140. பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீரும் காபியும் ஏறத்தாழச் சுழியம். இதில் சமரசம் வேண்டுமென்றால் ஒரு கோப்பையைக் கணக்கில் எழுதிவிட்டுக் குடியுங்கள். எழுதாமல் குடிப்பதுதான் பிரச்சினை. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு முடித்துவிடாமல் ஒன்றரைக்குத் தள்ளினால் நான்கு மணிப் பசி பெரும்பாலும் ஐந்தரைக்குப் போய்விடும், அப்போது கிளம்பும் நேரம். மதியம் 220, இரவு 230, நடுவில் 100 கிராம் ஆப்பிளுக்கு 50 என்று பிரிப்பது ஓட்டுவதற்கு எளிது.

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் மருந்தளவை மாற்றித் தராமல் இந்த நாட்களில் இறங்கவே கூடாது; தாழ்சர்க்கரை மயக்கம் அலுவலக நாற்காலியிலும் வரும், ஸ்டியரிங் முன்னாலும் வரும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் யாருக்கும் இது வேண்டாம். கனரக இயந்திரம் ஓட்டும் ஷிஃப்ட் நாளைக் குறைகலோரி நாளாகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. ஃபிளாஸ்க் மூடியின் சிலிக்கோன் வளையத்தை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். வாடை அங்கேதான் தங்குகிறது. உட்புறக் கறைக்குச் சமையல் சோடாவும் வெந்நீரும் ஒரு மணி நேரம். குளோரின் ப்ளீச் வேண்டாம், ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். மூடி திறக்க வரவில்லை என்றால் உள்ளே ஆறி அழுத்தம் குறைந்திருக்கிறது. அழுத்தம் விடும் பொத்தான் உள்ள மூடியில் அதை அமுக்கினால் போதும். அந்தப் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். மிச்சத்தோடு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டுப் போன ஃபிளாஸ்க் வேறு விஷயம்: உள்ளே புளித்து வாயு சேர்ந்திருக்கும், திருகியதும் மூடி பாயும். முகத்துக்கு நேரே வைக்காமல், மேலே துணி போட்டு மெல்லத் திறக்கவும். வாங்கும்போதே மாற்று வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காத ஃபிளாஸ்க், உடல் நன்றாக இருக்கும்போதே ஒழுகத் தொடங்கிக் குப்பைக்குப் போகும்.